கொளஞ்சி சொன்ன பக்குவம்

"ஏங்க, இந்தக் கஞ்சாச் செடியை என்னைக்குத்தான் வூட்டை விட்டு வெளியே கொண்டு போவீங்க? மாதா படத்துக்கு முன்னால உக்காந்து ஜெபம் சொல்ல முடியலை. அந்த நாத்தம் நாறுது!" என்று சாந்தி மேரி பொரிந்தாள்.

"கத்தாதடி. வெளியே வெச்சா ஆடு மேஞ்சுடும்" என்றான் லூர்துராஜ்.

ஜன்னலைச் சாத்தி, தொட்டிக்கு மேல் குண்டு பல்பைத் தொங்க விட்டிருந்தான். செடி வளர்ப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

"இது செத்துச்சுன்னா என் பொழப்பே போயிடும்" என்று புலம்பினான்.

செந்துறையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த கொளஞ்சி செடியைத் தடவிப் பார்த்தான். கஞ்சா பயிரிடுவதில் அவன் பழைய கை.

"தண்ணி பத்தலைங்க. காலையில ஒரு குடம், சாயந்திரம் ஒரு குடம் ஊத்துங்க. பல்பை இன்னும் கீழே எறக்குங்க."

"போன வாரமும் இதைத்தான் சொன்னாரு. அதுலேர்ந்துதான் இலை கருகுது, வேர் அழுகுது!" மேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"உனக்கென்னடி தெரியும்? இவனை விட்டா இதைப் பத்தி வேற யாருகிட்ட கேக்கறது?"

திங்கட்கிழமை கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டார்: "கான்ஸ்டபிள், நீங்க கைப்பற்றின கஞ்சாச் செடி எங்கே?"

லூர்துராஜ் தொட்டியை நீட்டினான். அதில் அழுகிய குச்சி ஒன்றுதான் நின்றது.

"இது என்ன செடி?"

ஜாமீனில் வந்திருந்த கொளஞ்சி குற்றவாளிக் கூண்டிலிருந்து பணிவாகச் சொன்னான்:

"கத்திரிச் செடிங்க எசமான். போலீஸ்கார ஐயா தண்ணியை ஊத்தி அழுக வெச்சிட்டாரு."