இடது கை

சிலம்பக் கம்புகளின் நுனியில் கரி தடவியிருந்தார்கள். கம்பு பட்ட இடம் வெள்ளைச் சட்டையில் தெரிந்துவிடும். இறுதிச் சுற்று முடிந்து இரண்டு சிறுமிகளும் மூச்சு வாங்க நின்றார்கள். எதிராளியின் தோளில் ஒரு கறை. ஏழு வயது இதழினியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த நடுவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. இடது அக்குளில் கம்பு உரசிப் போனதை அவள் அம்மா செண்பகம் மட்டும்தான் பார்த்திருந்தாள். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து கயிற்றோரம் ஓடினாள். "ஏட்டி, கைய ஒட்டி வையி" என்று வாயசைத்து, தன் இடது கையை விலாவோடு இறுக்கிக் காட்டினாள். மகளும் அப்படியே ஒட்டி வைத்துக்கொண்டாள். செண்பகத்துக்கு மூச்சு வந்தது. கூடவே அடுத்த பயமும் வந்தது. ஜெயித்தவளின் எந்தக் கையை நடுவர் தூக்குவார்? அவர் வலது கையைப் பிடித்தார். தப்பித்தோம் என்று நினைப்பதற்குள் இதழினி அந்தக் கையை உருவிக்கொண்டாள்.

"அது வேண்டாம் சார், இதத் தூக்குங்க" என்று இடது கையை நீட்டினாள்.

விவரம் தெரியாத கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. செண்பகமும் தட்டப் பார்த்தாள். இடது கை விலாவை விட்டு வரவில்லை.