வேண்டியவள்

“கையெழுத்தைப் போடுங்க,” என்று டிஸ்மிஸ் ஆர்டரை மேஜையில் தள்ளினார் மேனேஜர்.

“மாட்டேன் சார்,” என்றாள் பேக்கிங் சூப்பர்வைசர்.

“உங்க கீழ வேலை பார்க்கிறவ சிவப்புப் பட்டனை அமுக்கி, இருபது நிமிஷம் பேக்கிங் லைனையே நிறுத்தியிருக்கா. லாரி சரக்கில்லாமப் போயிடுச்சு. மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“பக்கத்துல நின்னவளோட கையுறை பெல்ட்டுல மாட்டிக்கிச்சு. இவ அமுக்கலேன்னா கையே போயிருக்கும். அதுக்குத்தானே சார் அந்தப் பட்டன்? அழகுக்கா வெச்சிருக்கோம்?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பட்டனை அமுக்கியவள் தலைகுனிந்து நின்றிருந்தாள். சூப்பர்வைசர் மறந்தும் அங்கே திரும்பவில்லை.

“அவ போகலேன்னா, நீங்க பழையபடி அட்டைப்பெட்டி ஒட்டத்தான் போகணும். யோசிச்சுக்குங்க.”

“என் கை இன்னும் பசையை மறக்கல சார். நாளைக்கே ஒட்டுறேன். அவ செய்யாத தப்புக்கு என் கையெழுத்து விழாது.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து நமுட்டுச் சிரிப்பு சிரித்தார்.

“இப்படி வரிஞ்சு கட்டிக்கிட்டு வர்றீங்களே, அவ உங்களுக்கு ரொம்ப வேண்டியவளோ?”

சூப்பர்வைசர் ஆர்டரை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கதவுவரை போனவள் நின்று திரும்பினாள்.

“எனக்கில்ல சார், என் வீட்டுக்காரருக்கு வேண்டியவ. போன வருஷம் என்னை விட்டுட்டு இவகூடத்தான் குடித்தனம் நடத்தப் போனாரு. அந்தத் தப்புக்கு ஒரு ஆர்டர் அடிச்சிட்டு வாங்க, ரெண்டு கையாலயும் கையெழுத்துப் போடுறேன்.”