மஞ்சள் கேன்

நாலு மணி வெயில் கசிங்கா கால்வாய்மேல் எண்ணெய்ப் படலமாக மினுங்குகிறது. நான் படகின் மோட்டாரை அணைத்ததும் நீர்யானைகள் காதை உதறும் சத்தம் கேட்கிறது. "அந்தக் குண்டனுக்கு ஒன்பது பொண்டாட்டி. வீட்டுக்குப் போகப் பயந்துதான் நாளெல்லாம் தண்ணியில கிடக்கிறான்," என்கிறாள் வழிகாட்டி பீரா. சுற்றுலாப் பயணிகள் சிரிக்கிறார்கள். போன வாரம் இதே இடத்தில்தான் அவள் புருஷன் தேம்போவின் மீன்பிடித் தோணியை நீர்யானை கவிழ்த்தது. தோணி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள் என்று ஊர் அவளைத் தூற்றுகிறது. கை நீர்யானையைக் காட்டும்போதெல்லாம் அவள் கண் கரையோரக் கோரைக்குள் துழாவுவது, படகோட்டும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அந்த மஞ்சள் கேன் படத்தைக் கெடுக்குதே, எடுத்துடுங்களேன்," என்கிறாள் தொப்பி போட்ட ஒருத்தி. வலைக்கு மிதவையாகக் கட்டும் எண்ணெய்க் கேன், படகை ஒட்டி ஆடுகிறது. அதன் கழுத்தில் பீராவின் பழைய பாவாடையிலிருந்து கிழித்த சிவப்புத் துணி. பீரா கொக்கியால் இழுத்து அதை மடியில் வைத்துக்கொள்கிறாள். சீருடையில் ஈரம் பரவுகிறது. "ஆத்துல குப்பை போடுறாங்களே, அறிவில்லாதவங்க!" என்கிறாள் தொப்பிக்காரி. "ஆமா மேடம்," என்கிறாள் பீரா. "மூடியைத் திறந்து நசுக்கிடுங்க, இடத்தை அடைக்குது." பீராவின் உள்ளங்கை மூடியைப் பொத்துகிறது. என் பக்கம் திரும்பி, எங்கள் மொழியில், மெல்லச் சொல்கிறாள்: "அண்ணே, அவர் திருகின மூடி. உள்ள இருக்கிற காத்து அப்படியே இருக்கட்டும்."