இறக்கையில் மாட்டிய கயிறு

கீழக்கரைக்குத் தெற்கே, நடுப்பகல் வெயிலில் வள்ளம் நிற்கிறது. ஃபஹத் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்திருக்கிறான். அதன் மறுமுனை, மூச்சடக்கி மூழ்கியிருக்கும் தங்கை கணவன் ஷாகிரின் இடுப்பில் இருக்கிறது. சங்கு குளிப்பவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். தங்கையை விதவையாக்க எந்த அண்ணனும் துணிய மாட்டான். இன்று ஷாகிர் இறங்கியது சங்குக்காக அல்ல. உலகப் போரில் விழுந்த விமானம் ஒன்று கீழே பாசி படிந்து கிடக்கிறது. அதைப் படம் பிடிக்க, மதுரையிலிருந்து வந்து இப்போது வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் நவநீதன் தன் கேமராவை ஷாகிரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். “எந்த ஏர் ஷோவுலயும் இப்படி ஒண்ணப் பாக்க முடியாது தம்பி. இறக்கை ரெண்டும் முழுசா இருக்காமே!” “செத்த பேசாம இருங்கண்ணே.” மேலே தூக்கச் சொல்லி ஷாகிர் கீழிருந்து கயிற்றைச் சுண்டி இழுக்கிறான். ஃபஹத் இழுக்கிறான். வரவில்லை. கயிறு விறைத்து நிற்கிறது. அதன்மேல் நீர்த்துளிகள் நடுங்குகின்றன. “இறக்கையில மாட்டிருச்சுண்ணே.” “அப்ப பலமா இழுங்க தம்பி!” “இழுத்தா, கிழிஞ்ச தகடு கயித்த அறுத்துப்புடும். தளர விட்டாத்தான் அவரு கழட்ட முடியும்.” நவநீதன் வள்ளத்தின் விளிம்பைப் பற்றிக்கொள்கிறார். வெயில் பட்டுக் கடல் கண்ணாடித் தூளாக மின்னுகிறது. அடியில் ஒன்றும் தெரியவில்லை. ஃபஹத்தின் உதடுகள் சத்தமில்லாமல் ஓதுகின்றன. அவன் விரல்களைத் தளர்த்துகிறான். உள்ளங்கையை உரசிக்கொண்டு கயிறு வேகமாகக் கடலுக்குள் இறங்குகிறது. இழுப்பது மச்சானா, நீரோட்டமா என்று அவன் கைக்குத் தெரியவில்லை.