நாற்பது நிமிடத்துக்குப் பச்சை டிக்

மாலை வெயில் கண்ணிலும் திரையிலும் அடிப்பதால், அலுவலகத்தில் எல்லோருக்கும் பயண டிக்கெட் போடுகிறவள் ஒரு ஃபைலை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு படிக்கிறாள். வெளியூர் வேலைக்குக் கிளம்பிய கம்பெனி மெக்கானிக்கின் விமானம் ரத்தானதுமே, அலுவலகத்தின் புதிய செயலி அவருக்குத் தானாக வேறு டிக்கெட் போட்டிருக்கிறது. வழியில் ஓர் ஊரில் இறங்கி, நாற்பது நிமிடத்தில் அடுத்த விமானம். பக்கத்தில் பச்சை டிக். தோளில் இடுக்கிய போனில் மெக்கானிக்கின் குரல், பின்னால் விமான நிலைய அறிவிப்புகளின் இரைச்சல். "என்னம்மா, ஆப் சரிங்குது. ஏறிடவா?"

"ஏறாதீங்கண்ணே. அங்க டெர்மினல் மாறவே பஸ்ல இருபது நிமிஷம், அப்புறம் படி. முட்டி ஆபரேஷன் பண்ண காலோட ஓடுவீங்களா?"

போய்வந்த ஒவ்வொருவரிடமும் எங்கே எவ்வளவு நடந்தீர்கள் என்று கேட்டு எழுதிவைத்த நோட்டு அவள் முழங்கைக்கடியில் திறந்திருக்கிறது. மூன்று மணி நேரம் கழித்துக் கிளம்பும் நேர் விமானத்தை அழுத்துகிறாள். தான் போட்ட டிக்கெட்டை மாற்றச் செயலி காரணம் கேட்கிறது: சந்திப்பு மாற்றம், வானிலை, சொந்த விருப்பம். அவள் விரல் எதிலும் இறங்கவில்லை.

எதிர் மேசையிலிருந்து மேலாளர் எட்டிப் பார்க்கிறார். "சொந்த விருப்பம்னு போட்டு விடுங்கம்மா."

"வலிக்கிறது அவர் விருப்பமா சார்?"

அடியில் ஒளிந்திருக்கும் 'மற்றவை' கட்டத்தைத் தேடிப் பிடித்து, 'முட்டி' என்று தட்டி அனுப்புகிறாள். ஒப்புதல் கேட்டு மேலாளரின் போன் மேசைமேல் அதிர்கிறது. அவர் அதை எடுக்கவில்லை. அவள் ஃபைலை இறக்கிவிட்டு எழுந்து, கண் கூசக் கூச அவரையே பார்க்கிறாள்.

"உக்காருங்கண்ணே," என்கிறாள் போனில். "சார் இப்ப ஓகே அமுக்கிடுவார்."