தேறாத டயர்கள்

“நாலுமே தேறாதுங்கம்மா. ரப்பர் இறுகிப் போச்சு. பனிக்கட்டி மேல பிரேக் போட்டா வண்டி நிக்காது” என்றார் டயர் கடைக்காரர் நிஷிகோரி.

நொபுயே அம்மையாருக்கு அதில் ஒரு சொல்லைக்கூட நம்ப முடியவில்லை.

ஆணியில்லாத பனிக்கால டயரைப் பற்றி வட ஜப்பானின் நயோரோ ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ரப்பர் மெத்தென்று இருக்கும்வரை அது பனிக்கட்டியைப் பற்றிக்கொள்ளும். அந்த நான்கு டயர்களையும் அவர் கோடை முழுவதும் பழைய மெத்தையுறையால் போர்த்தி, வெயில் படாமல் கொட்டகையில் பாதுகாத்து வந்திருந்தார்.

அவர் குனிந்து, முன்சக்கரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் இதமாக உள்ளே இறங்கியது.

“இதுவா தம்பி இறுகிப் போன ரப்பர்? நேத்து நீ வித்த டயரைவிட இது மெத்துன்னு இருக்கும்.”

“கையால பார்த்தா தெரியாதும்மா. கருவிதான் சொல்லணும்.”

“அப்போ கருவியைக் காட்டு.”

ரப்பரின் கடினத்தைக் காட்டும் அந்தச் சிறு கருவியின் முகப்பை நிஷிகோரி உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அவருடைய காதுகள் சிவந்தன.

“அது… எல்லாருக்கும் புரியாதும்மா.”

“எனக்குப் புரியாத எண்ணா? சரி, விடு. புதுசா நாலு போடு.”

“இந்த அளவு கைவசம் இல்லீங்க. வசந்தம் வரைக்கும் வராது.”

அவர் முதுகுக்குப் பின்னால் கூரையைத் தொடும்படி டயர்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஊரில் பாதிப் பேர் ஓட்டுவதும் இதே சிறிய கார்தான். டயர் விற்க மறுக்கும் டயர் கடைக்காரரை நொபுயே அம்மையார் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

“வண்டியை இங்கயே விட்டுட்டுப் போங்கம்மா. நான் டாக்ஸிக்குச் சொல்றேன்.”

அவ்வளவுதான், அம்மையாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இந்த நிஷிகோரி, அம்மையாரின் மகன் ஹிதேகியோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஹிதேகியோ, சப்போரோ நகரில் எட்டாவது மாடியில் வீடு வாங்கிய நாள் முதல், “இங்க வந்துடுங்க” என்று பெற்றோரை நச்சரித்துக்கொண்டிருப்பவன். வயல்வெளிக்கு நடுவில் இருக்கும் வீட்டில், வாரத்துக்கு ஒருமுறை வரும் பஸ்ஸை நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்க முடியாது. காரை முடக்கினால் வீட்டையே காலி செய்யவைத்துவிடலாம். முட்டைக்கோசும் ஹெர்ரிங் மீனும் ஊறும் அவருடைய ஊறுகாய்ப் பீப்பாயை அந்த எட்டாவது மாடிக்குக் கொண்டுபோனால், வாடை தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸையே கூப்பிடுவார்கள்.

“உண்மையைச் சொல்லு தம்பி. என் பையன் போன் பண்ணினானா?”

“சத்தியமா இல்லீங்கம்மா!”

“அப்போ யாரு சொல்லிக்கொடுத்தது?”

நிஷிகோரி ஈரத்தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “போன்ல சொல்லியிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேம்மா. இந்தப் பனியில பஸ் ஏறி நேர்ல வந்து, என் முன்னாடி தலை குனிஞ்சு கேட்டா, நான் என்ன செய்ய? இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்று அம்மையார் கணவரிடம் திரும்பினார்.

கணவர் கென்சோ சூடான காப்பி டப்பாவை இரு கைகளாலும் பற்றியபடி, கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மீதும் அம்மையாருக்குச் சந்தேகம் இல்லாமலில்லை. டயர் விஷயத்தில் யாரிடமும் யோசனை கேட்காத மனிதர், இன்று காலையில் “கடையில ஒரு தடவை காட்டிடலாமே” என்றார். வரும் வழியெல்லாம் பால் லாரியின் பின்னாலேயே ஊர்ந்து வந்தார்; முந்திப் போகச் சொன்னதற்கு, “அவசரம் என்ன?” என்றார். போன வாரம்கூட, வாசலில் கார் நிற்க, முடி வெட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லி பஸ்ஸில் போனார். அப்பனும் மகனும் கூட்டுச் சேர்ந்துகொண்டார்களோ?

“கிளம்புங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கடை இருக்கு. அவன் என்ன சொல்றான்னு பார்ப்போம்.”

“நொபுயே, இவர்தான் சொல்றாரே…”

“கிளம்புங்கன்னா கிளம்புங்க!”

கார் மெல்ல நகர்ந்தது. டயர்கள் பனியைக் கச்சிதமாகப் பற்றின. ஒரு விரற்கடைகூட வழுக்கவில்லை.

“வழுக்குதா? நீங்களே சொல்லுங்க, வழுக்குதா?”

“இல்ல.”

“ஹிதேகிதான் ஆளை அனுப்பியிருக்கான். அவனாவது பஸ் ஏறி வர்றதாவது! காலை எடுத்து வெளியில வெச்சாலே அவனுக்கு டாக்ஸி வேணும். அந்த பஸ்ல நம்ம பக்கத்து ஆளுங்களைத் தவிர யாரு…”

பேச்சு பாதியில் நின்றது. கென்சோவின் பின்கழுத்து முடி, சட்டைக் காலருக்குக் கீழே சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏங்க… போன வாரம் நீங்க முடியே வெட்டிக்கலையா?”

கென்சோ முச்சந்தியில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்மீது சாய்ந்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைக் கையால் மறுபடியும் மறுபடியும் துடைத்தார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“நொபுயே, சிக்னல்ல எரியிற விளக்கு மேலயா, கீழயா?”

நொபுயே அம்மையார் சிவப்பு விளக்கை நெடுநேரம் பார்த்தார்.

“மேலதாங்க” என்றார். “வண்டியை ஓரமா நிறுத்திட்டு, சாவியை என்கிட்டக் குடுங்க. அந்தத் தம்பி சொன்னது சரிதான், இந்த டயர் தேறாது.”