பெயிண்ட் அடிக்காத வீடு

"கேட்டியா கூத்தை! மாசமா இருக்கிற பொண்ணைப் பெட்டியும் கையுமா வீட்டை விட்டு அனுப்பியிருக்கார் நம்ம சம்பந்தி!"

டிரில் மாஸ்டர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மனுஷன் பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டையர் ஆகி வருஷக்கணக்காகிறது. அந்தத் தொண்டை மட்டும் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை.

"மெதுவா பேசுங்க, அவ தூங்கறா," என்றாள் மனைவி. "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறாராம். அந்த வாசனை இவளுக்கு ஆகாதுன்னு அனுப்பியிருக்கார். நல்லதுதானே?"

"பெயிண்டாவது மண்ணாவது! இப்பத்தான் அந்தத் தெரு வழியா வந்தேன். ஒரு ஏணி இல்லை, ஒரு டப்பா இல்லை. கதவு ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்கு. வாக்கிங்குக்கும் வர்றதில்லை, போனும் எடுக்கறதில்லை. மாப்பிள்ளை வெளியூர்ல இருக்கற நேரமாப் பார்த்து இவளைக் கழட்டி விடப் பார்க்கறார். எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எதுதான் தெரியாது!"

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

வழியெல்லாம் மகள் நினைப்புதான். ஒரே பொண்ணு. இந்த நேரத்தில் புகுந்த வீடு கதவைச் சாத்தினால் அவள் என்ன ஆவாள்? இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான்.

சம்பந்தி வீட்டு மணியை விரல் வலிக்க அழுத்தினார்.

கதவு அரை அடி திறந்தது. சம்பந்தியின் முகம் மட்டும் தெரிந்தது. கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், எப்போதும் பளிச்சென்று இருப்பார். இப்போது தாடியும் சோர்வுமாக நின்றார்.

"உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?"

"சண்டை போட வந்தவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

"போட்டிருக்கா, இல்லையா?"

"போட்டிருக்கு, போட்டிருக்கு! மூக்கு மேல தழும்பே இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப உள்ளே வாங்க."

உள்ளே போன மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். சம்பந்தி சட்டை போடவில்லை. முதுகெலும்பிலிருந்து தொப்புள் வரை, இடது பக்கம் மட்டும், பெல்ட் கட்டினாற்போல் ஒரே கொப்புளம்.

"ஐயையோ! என்ன சம்பந்தி இது?"

"அக்கி. சட்டை பட்டாலே உயிர் போகுது. என்னைக்கோ போட்ட சின்னம்மை நரம்புல ஒளிஞ்சிருந்து, வயசானதும் இப்படித் தலைதூக்குமாம். மூணு பேர்ல ஒருத்தருக்கு வருதாம்."

"ஆறிடுமில்ல?"

"சீக்கிரமே போனதால டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார். சிலருக்குக் கொப்புளம் ஆறினாலும் வலி மாசக்கணக்கா விடாதாம். கண்ணுகிட்ட வந்தா பார்வைக்கே ஆபத்தாம். நான் தப்பிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "என் மருமகளுக்கு அம்மை போட்டதே இல்லை. இந்தக் கொப்புளத்துத் தண்ணி பட்டா அவளுக்கு அம்மை வந்துடுமாம், வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாதாம். அதான் டாக்டர் சொன்ன உடனே டாக்ஸி வெச்சு அனுப்பிட்டேன்."

வலியில் துடிக்கிறவர், ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாமல் தனியாகக் கிடக்கிறார். இவரைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டோம்! மாஸ்டரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனாலும் டிரில் மாஸ்டர் டிரில் மாஸ்டர்தான். தப்பை முழுசாகத் தன் தலையில் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை.

"எல்லாம் சரி சம்பந்தி. அக்கின்னு உண்மையைச் சொல்லியே அவளை அனுப்பியிருக்கலாமே? பெயிண்ட் அது இதுன்னு நீங்க பொய் சொல்லப் போய்த்தானே நான் இப்படி வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தேன்? பெரிய மனுஷன் பொய் சொல்லலாமா?"

சம்பந்தி இடுப்பைத் தொட்டுவிடாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போன வருஷம் அக்கிக்குத் தடுப்பூசி போட நம்ம ரெண்டு பேரையும் அவதானே கிளினிக்குக்கு அனுப்பினா? 'ஊசியெல்லாம் கிழவனுங்களுக்கு, நாம சிங்கக்குட்டிங்க'ன்னு வாசல்லேர்ந்தே என்னை டீக்கடைக்கு இழுத்துட்டுப் போய், வீட்டுக்கு வந்து 'ரெண்டு பேரும் போட்டுக்கிட்டோம்'னு அவகிட்ட சொன்ன பெரிய மனுஷன் யாரு, சம்பந்தி?"